உஷார்! ‘ஏதோ வைரல்’ என்று விட்டுவிடாதீர்கள்

வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிறதா? பேரன், பேத்தி இருக்கிறார்களா? அடுப்பை அணைத்துவிட்டு வந்து இதைப் படித்துவிடுங்கள்.

குழந்தையின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்னக் கொப்புளம். வாய்க்குள் புண். லேசான காய்ச்சல். சோறு இறங்கவில்லை, எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ப்ளே ஸ்கூல் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் நாலு அம்மாக்கள் அதையே எழுதியிருக்கிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, “கை கால் வாய் நோய்தான், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்” என்கிறார். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படியே சரியாகியும் விடுகிறது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு. எல்லாக் குழந்தைகளுக்கும் அல்ல!

கோவையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பெயர் வேண்டாம். மூன்றரை வயதுப் பையன். கையிலும் காலிலும் கொப்புளம் வந்ததும் அவனுடைய அம்மாயி சொல்லிவிட்டார்: “அம்மை பூத்திருக்குது கண்ணு. ஆசுபத்திரிக்கெல்லாம் தூக்கிட்டுப் போகாதே, ஆத்தா கோவிச்சுக்குவா.” வேப்பிலைப் படுக்கை போட்டார்கள். இளநீரும் மோரும் கொடுத்தார்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. அன்று ராத்திரி கண் அசந்த நேரத்தில் பையன் திடுக்கிட்டு இரண்டு கைகளையும் தூக்கிப் போட்டான். சற்று நேரத்தில் மறுபடியும். பிறகு மறுபடியும். ‘எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான்’ என்று நெற்றியில் திருநீறு பூசித் தூங்க வைத்தார்கள். விடிந்ததும் கட்டிலை விட்டு இறங்கியவனுக்குக் கால் பின்னியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்கு மேல் அவன் அம்மா யாரையும் கேட்கவில்லை. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டாள்.

நேரே ஐ.சி.யு.! கிருமி மூளைத்தண்டைத் தொட்டிருந்தது. “நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்கம்மா” என்றார் டாக்டர். பையன் பிழைத்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. லேப் ரிப்போர்ட்டில் ஒரே வரிதான் இருந்தது: ‘என்டெரோவைரஸ் – பாசிட்டிவ்.’ எந்த வகை என்டெரோவைரஸ்? அதில் இல்லை. அவன் அம்மா கேட்டபோது, “அதைச் சொல்ல வைரஸோட மரபணுவைப் படிக்கணும்மா. அட்மிட் ஆன அன்னிக்கே மலம் எடுத்து வெச்சிருந்தா எங்கேயாவது அனுப்பியிருக்கலாம்” என்று பதில் வந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை. ஆக, அந்த ப்ளே ஸ்கூலில் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குத் தாவிக்கொண்டிருந்தது எது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இதுதான் என் வயிற்றைக் கலக்குகிறது.

என்டெரோவைரஸ் ஒற்றைக் கிருமி இல்லை. மனிதர்களைத் தாக்குகிற வகைகள் மட்டும் நூற்றுக்கு மேல் உண்டு. போலியோ அதில் ஒன்று. காக்ஸாக்கி, எக்கோ, ஏ71, டி68 என்று மற்றவை. வெறும் சளியோடு போய்விடுகிறதும் இந்தக் குடும்பம்தான், கை காலை முடக்கிப் போடுகிறதும் இந்தக் குடும்பம்தான். நமக்கெல்லாம் பழக்கமான மெட்ராஸ் ஐ-யை உண்டாக்கும் கிருமிகளில்கூட காக்ஸாக்கி ஏ24 திரிபு ஒன்று இருக்கிறது.

வெளியே பார்த்து வகையைச் சொல்ல முடியாது! காக்ஸாக்கி ஏ16 தரும் கொப்புளமும் ஏ71 தரும் கொப்புளமும் பார்வைக்கு ஒன்றுதான். ஏ16 அநேகமாக ஒரு வாரத்தில் வந்த வழியே போய்விடும். ஏ71 அப்படிப்பட்டதல்ல. சில குழந்தைகளுக்கு மூளைத்தண்டு வரை ஏறும். ஏறிவிட்டால் சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்து, இதயம் தளர்ந்துவிடும். காலையில் விளையாடிய குழந்தை ராத்திரிக்கு இல்லை என்றாகிவிடும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 1998-ல் தைவானில் நடந்தது இது. அந்த ஒரே ஆண்டில் 1,29,000 பேருக்கு மேல் கை கால் வாய் நோயும் வாய்ப்புண்ணும் பதிவாயின. 405 பேருக்கு நோய் தீவிரமானது. 78 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். காரணம் ஏ71. அதற்கு முந்தைய ஆண்டு மலேசியாவின் சரவாக்கில் குழந்தைகள் இறந்தபோது, கொன்றது ஏ71-ஆ வேறு கிருமியா என்பதிலேயே நிபுணர்களுக்குள் குழப்பம். 2012-ல் கம்போடியாவில் இன்னும் கொடுமை. கடுங்காய்ச்சல், மூச்சுத் திணறல் என்று வந்த சின்னக் குழந்தைகள் ஓரிரு நாளில் இறந்துகொண்டே இருந்தார்கள். 50-க்கும் மேற்பட்ட குழந்தைகள்! ‘மர்ம நோய்’ என்றுதான் உலகப் பத்திரிகைகள் எழுதின. சோதித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, பெரும்பாலான சாம்பிள்களில் இருந்தது அதே ஏ71.

இதில் ஒன்றை மட்டும் மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். ஏ71 தொற்றியவர்களுக்கு ஸ்டீராய்டு மருந்து நோயை மோசமாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே எச்சரித்தது. தெருமுனை மெடிக்கலில் ‘குழந்தைக்குக் காய்ச்சல், ஏதாவது கொடுங்க’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது! அந்தக் காகிதப் பொட்டலத்தில் மூன்று மாத்திரை இருந்தால், மூன்றும் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

அடுத்து டி68. 1962-ல் கலிஃபோர்னியாவில் நான்கு குழந்தைகளிடம் முதன்முதலாகக் கண்டார்கள். பிறகு ஆளையே காணோம். 1970 முதல் 2005 வரை அமெரிக்கா முழுவதற்கும் 26 பேர்தான் பதிவு. ‘அரிய கிருமி’ என்று புத்தகத்தில் ஒரு மூலையில் கிடந்தது. 2014 ஆகஸ்டில் கன்சாஸ் சிட்டியிலும் சிகாகோவிலும் குழந்தைகள் இழுப்போடு வந்து ஆஸ்பத்திரியை நிறைத்தார்கள். சில மாதங்களுக்குள் 49 மாநிலங்களில் 1,100-க்கும் மேற்பட்டவர்களிடம் அது உறுதியானது. அதே பருவத்தில்தான் சளி பிடித்து ஒரு வாரம் ஆன பிள்ளைகளுக்குத் திடீரென்று ஒரு கை தூக்க வரவில்லை, ஒரு கால் ஊன்ற வரவில்லை. போலியோ இல்லை. ஆனால் போலியோவைப் போலவே தண்டுவடம் பாதிக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டில் அப்படி 120 பேர். 2016-ல் 153. 2018-ல் 238. பலருக்கு அந்தக் கை, கால் முழுதாகத் திரும்பவே இல்லை.

அரிய கிருமி என்பதால் அலட்சியம் கூடாது. 

டி68-ல் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் மூக்கில் குச்சி விட்டு ஒரே சோதனையில் இருபது கிருமிகளைப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவு. ஆனால் அந்த ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ‘ரைனோவைரஸ்/என்டெரோவைரஸ்’ என்று இரண்டையும் சேர்த்து ஒரே வரிதான் வரும். சாதாரண ஜலதோஷக் கிருமியும் முடக்கிப் போடும் கிருமியும் ஒரே வரியில்! அந்த வரியைப் பார்த்து ‘வெறும் சளிதான்’ என்று நிம்மதியாக வீட்டுக்குத் திரும்புகிறோம். சி105 என்று மற்றோர் அரிய வகை இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கை கால் தளர்ந்து போன ஒரு சிறுமியிடம் அதைக் கண்டார்கள். அது பொதுவான சில சோதனைகளில் சிக்காமலே நழுவிவிடக் கூடியது.

கர்ப்பிணிகளே, உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். 2022 ஜூலையிலிருந்து 2023 ஏப்ரலுக்குள் பிரான்ஸில் ஒன்பது பச்சிளங்குழந்தைகள், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத சிசுக்கள், கல்லீரல் செயலிழந்து படுத்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். காரணம் எக்கோவைரஸ் 11. அது பழைய கிருமிதான், பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான். பிறகு ஏன் இப்போது இப்படி? மருத்துவர்கள் முழு மரபணுவையும் படித்துப் பார்த்தபோது ஒரு துப்பு கிடைத்தது. அது பழைய எக்கோ 11 இல்லை. மற்றொரு என்டெரோவைரஸோடு மரபணுத் துண்டை மாற்றிக்கொண்ட புதுக் கிளை. உலக சுகாதார நிறுவனம் உலகத்துக்கே எச்சரிக்கை விட்டது. பிறகு இத்தாலி உள்ளிட்ட மற்ற நாடுகளும் தேடிப் பார்த்தபோது அங்கேயும் அகப்பட்டது. இந்தக் கிருமி தாயிடமிருந்து பிரசவ நேரத்திலேயே குழந்தைக்குப் போகக்கூடியது. பிரசவத்துக்கு முந்தைய சில நாட்களில் உங்களுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், ‘இதைப் போய்ச் சொல்வதா’ என்று மறைக்காதீர்கள். சொல்லிவிடுங்கள்!

இந்தக் கிருமிகள் ஏன் இப்படி ஆள் மாறுகின்றன? இவற்றின் மரபணு சுமார் 7,400 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. தன்னைத் தானே நகல் எடுக்கும்போது பிழை விடும். பிழையைத் திருத்த அதனிடம் வழி இல்லை. ஒரே குழந்தையின் குடலில் இரண்டு வகை சேர்ந்துவிட்டால் ஒன்றின் பாதியும் மற்றொன்றின் பாதியும் ஒட்டிக்கொண்டு புதுசாக ஒன்று வெளியே வரும். பெயரை மட்டும் கண்டுபிடிக்க ‘விபி1’ என்ற பகுதியில் 900 எழுத்து அளவுக்குப் படித்தால் போதும். ஆனால் ஒட்டு வேலை நடந்திருக்கிறதா என்று அறிய 7,400-ஐயும் படித்தாக வேண்டும். மரபணுக் கண்காணிப்பு என்று சொல்வது இதைத்தான். நோயாளியின் மலம், தொண்டை ஸ்வாப், ஊர்ச் சாக்கடைத் தண்ணீர் இவற்றில் இருக்கும் வைரஸை எழுத்து எழுத்தாகப் படித்து, எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, எவ்வளவு மாறியிருக்கிறது என்று தொடர்ந்து பார்ப்பது.

சாக்கடையிலா என்று மூக்கைப் பொத்தாதீர்கள். 2022-ல் லண்டனின் கழிவுநீரில் தடுப்பு மருந்திலிருந்து பிறழ்ந்த போலியோ வைரஸ் திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஒரு குழந்தைகூட முடங்குவதற்கு முன்னாலேயே ஒன்று முதல் ஒன்பது வயது வரையுள்ள லண்டன் பிள்ளைகளை அழைத்துத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு நியூயார்க்கின் ராக்லாண்ட் பகுதியில் தடுப்பூசி போடாத ஓர் இளைஞரின் கால் முடங்கிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. லண்டன் வைரஸும் நியூயார்க் வைரஸும் உறவு என்பதை மரபணு காட்டிக்கொடுத்தது. இரண்டு ஊரிலும் கிருமி இருந்தது. ஓரிடத்தில் முன்கூட்டியே பார்த்தார்கள். இன்னோரிடத்தில் ஒரு மனிதர் விழுந்த பிறகு பார்த்தார்கள்.

நம் பக்கம் வருவோம். 2022 மே மாதம் கேரளாவின் கொல்லத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ கிளம்பியது நினைவிருக்கிறதா? ஜூலை முடிவதற்குள் 80-க்கு மேற்பட்ட சின்னக் குழந்தைகள். வாளையார் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். புது வைரஸா, டெங்குவின் பின்விளைவா என்று ஆளுக்கொரு பேச்சு. அப்போது கேரளாவுக்கு விடுமுறைக்கு வந்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய ஒரு பெண் குழந்தைக்கும் அவள் அண்ணனுக்கும் அங்கே கொப்புளம் வந்தது. அங்குள்ள மருத்துவர்கள் சாம்பிள் எடுத்து மரபணுவைப் படித்தார்கள். காக்ஸாக்கி ஏ16! நமக்குப் பழகிய கை கால் வாய் நோய்க் கிருமிதான். நம் நாட்டு ஆய்வகங்களும் பிறகு ஏ16, ஏ6 வகைகளைக் கண்டன. நல்ல வேளை, ஏ71 இல்லை. ஆனால் அது இல்லை என்று நமக்குத் தெரியாமலேதான் வாரக்கணக்கில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

நம்மிடம் வசதியே இல்லை என்று சொல்லமாட்டேன். போலியோவை விரட்டிய நாடு இது. சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட்டில் போலியோ ஆய்வகம் இருக்கிறது. மும்பையில் 2001 முதலே சாக்கடைத் தண்ணீரில் போலியோவைத் தேடுகிறார்கள். குறை எங்கே என்றால், கை கால் தளர்ந்த குழந்தையின் மலத்தில் போலியோ இல்லை என்று தெரிந்ததும் ‘போலியோ அல்லாத என்டெரோவைரஸ்’ என்று எழுதி வைப்பதோடு பெரும்பாலும் வேலை நின்றுவிடுகிறது. அது எந்த வகை, புதுசா, ஒட்டு வைரஸா என்று எல்லாவற்றையும் வழக்கமாகப் படிப்பதில்லை. சாம்பிள் கையில் இருக்கிறது, கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறார். படிக்காமல் விடலாமா? இதை நாம்தான் கேட்க வேண்டும். பெற்ற வயிறு கேட்காமல் யார் கேட்பது?

சரி, வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? முதலில் அம்மையா இல்லையா என்று பாருங்கள். சின்னம்மை பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, முகத்தில் தொடங்கும். இது உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள், சில சமயம் பிட்டத்தில் வரும். இரண்டில் எதுவானாலும் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். கொப்புளம் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். கொப்புளம் குறைவாக இருந்தாலும் மூளைக்குப் போகலாம். பார்க்க வேண்டியவை வேறு.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் உஷார்!

தூங்கும்போது திடுக் திடுக்கென்று கை காலை உதறினால் உஷார்! அது பயந்த கோளாறு இல்லை. திருநீறு பூசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசிவிட்டு உடனே வண்டி ஏறுங்கள்.

நடையில் தள்ளாட்டம். கை நடுக்கம். ஓயாத வாந்தி. எழுப்பினாலும் கண் திறக்காத சோர்வு. மூச்சு வேகமாக வாங்குவது. காய்ச்சல் கொதிக்கும்போதே கை காலெல்லாம் ஜில்லென்று இருப்பது, தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது. இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள்.

சளி, காய்ச்சல் விட்ட பிறகு ஒரு கை தொங்கினால், ஒரு பக்க முகம் கோணினால், கண் இமை சரிந்தால், சாப்பிட்டதை விழுங்க முடியாமல் புரையேறினால், கழுத்திலோ கையிலோ வலி என்று அழுதால், ‘சுளுக்கு’ என்று எண்ணெய் தேய்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள்! ஒரு நாள்கூட.

பிறந்த குழந்தை என்றால் இன்னும் அவசரம். பால் குடிக்க மறுப்பது, துவண்டு போவது, காய்ச்சல் அல்லது உடம்பு சில்லிடுவது, மஞ்சள் ஏறுவது, ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் வருவது. எதற்கும் காத்திருக்கக் கூடாது.

குழந்தை குணமாகிச் சில வாரங்கள் கழித்து விரல் நகம் அடியிலிருந்து உரிந்து விழலாம். பார்த்ததும் நெஞ்சு பதறும். ஏ6 வகையில் இது நடப்பதுண்டு. புது நகம் முளைத்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

இப்போது அந்த சானிடைசர் பாட்டில். கோவிட் காலத்திலிருந்து எல்லார் பையிலும் இருக்கிறது. இரண்டு சொட்டு தேய்த்துவிட்டால் கை சுத்தம் என்று நம்புகிறோம். இந்தக் கிருமிகளிடம் அந்த நம்பிக்கை ஏமாற்றிவிடும்! இவற்றுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. அதனால் ஆல்கஹால் இவற்றைச் சரியாகக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. டயப்பர் மாற்றிய பிறகு, கழுவி விட்ட பிறகு, ஊட்டுவதற்கு முன்னால். கொப்புளம் காய்ந்த பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் கிருமி வெளியேறும். ஆகவே ‘சரியாகிவிட்டதே’ என்று கை கழுவுவதை விட்டுவிடாதீர்கள். பொம்மைகளையும் தரையையும் குளோரின் கலந்த தண்ணீரால் துடையுங்கள். கொப்புளத்தோடு இருக்கும் குழந்தையை ‘பரீட்சை இருக்கு’ என்று பள்ளிக்கு அனுப்பாதீர்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் யாரோ பெற்ற பிள்ளைதான்.

ஏ71-க்குச் சீனாவில் 2015-ல் தடுப்பூசி வந்துவிட்டது. அது ஏ71-ஐ மட்டுமே தடுக்கும். நம் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. போலியோ சொட்டு மருந்தும் ஊசியும் இருக்கின்றன, ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக, மலச் சாம்பிள். அருவருப்புப் படாதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த உடனேயே, “டாக்டர், மலமும் தொண்டை ஸ்வாபும் எடுத்துட்டீங்களா? வகை பார்க்க அனுப்புவீங்களா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதுகுத்தண்டு நீரில் மட்டும் தேடினால் பல சமயம் இந்தக் கிருமிகள் அகப்படாது. டி68 என்றால் மூக்கு, தொண்டையில், அதுவும் ஆரம்ப நாட்களில்தான் கிடைக்கும். தாமதித்தால் கிருமி போய்விடும், பாதிப்பு மட்டும் மிஞ்சும்.

பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் திடீரென்று கை கால் தளர்ந்தால் அதை அரசு சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தாலும் சரி, “தெரிவிச்சாச்சா?” என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தளர்ச்சி தொடங்கிய 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுக்க வேண்டும். சாம்பிள் ஐஸ் பெட்டியில்தான் போக வேண்டும். சுகாதாரப் பணியாளர் டப்பாவோடு வீட்டு வாசலுக்கு வந்தால் ‘எங்க புள்ளைக்குப் போலியோ எல்லாம் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். காசு கேட்கமாட்டார். இரண்டாவது சாம்பிளையும் மறக்காமல் கொடுங்கள்.